பதில் வராத பெயர்கள்

அன்புள்ள கதிர்,

“பதில் சொல்லாதவங்களுக்காக இன்னும் எத்தனை நாள்தாம்மா காத்துக்கிட்டு இருக்கிறது?” என்று நேற்றைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் கேட்டாய். முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் பதிலை எடுத்துக் கொடுத்துத்தான் பழக்கம். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இல்லாத பதிலை மறைக்கக் குரலை உயர்த்தினேன். நீயும் உயர்த்தினாய். “இதுல நீங்க தலையிடாதீங்கம்மா” என்று சொல்லி வைத்துவிட்டாய். நேற்று ஞாயிறு. வழக்கம்போல் பத்து மணிக்குப் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். ஒரு கட்டு முடிந்தது. இன்னொரு கட்டையும் பிரித்து ஆய்ந்தேன். போன் அடிக்கவில்லை. நானும் உனக்கு அடிக்கவில்லை. தனி ஆளுக்கு இரண்டு கட்டுக் கீரை. நேற்று மத்தியானமும் கீரை, இன்று காலையும் கீரை.

வியாழக்கிழமை உங்கள் நிர்வாகக் குழு கூடுகிறது. நீ எழுதிய அடுத்த ஆண்டுத் திட்டத்தை அன்று அவர்கள் ஏற்றுக்கொண்டால், அதன்பின் ஓராண்டுக்கு அதில் ஒரு வரியைக்கூட அசைக்க முடியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். இன்று திங்கள். நடுவில் இருப்பது இரண்டு நாள். உன் கேள்விக்கு எனக்கு இப்போது பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், உன்னிடம் இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். போனில் பேசினால் மறுபடி இரண்டு பேரும் கத்துவோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எனக்கும் எழுதியதை அடித்துத் திருத்திக்கொள்ள வசதி. யார் படித்தாலும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் எடுத்து இன்றிரவே உன் போனுக்கு அனுப்பிவிடுவேன்.

நீ இந்த வேலையில் சேர்ந்த புதிதில், “உம் மகன் அங்க என்னதான் பாக்கான்?” என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. நான் ஒரு உதாரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேனே, ஞாபகமிருக்கிறதா? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தேர்வு எண் உண்டு. அதே எண் மாநிலத்தில் வேறெந்தப் பிள்ளைக்கும் இருக்கக் கூடாது. இருந்தால் ஒருத்தி எழுதிய தாளுக்கு இன்னொருத்தி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவாள். இணையத்திலும் அப்படித்தான். அதில் சேரும் ஒவ்வொரு வலையமைப்புக்கும் எண்கள் வேண்டும், ஒரே எண் இரண்டு பேரிடம் இருக்கக் கூடாது, யாரிடம் எது என்று ஒருவர் பதிவேடு வைத்துக் காக்க வேண்டும். அந்தப் பதிவேடுதான் உங்கள் பதிவகம். அதை அரசாங்கமும் நடத்தவில்லை, முதலாளியும் நடத்தவில்லை. பெரிய தொலைபேசிக் கம்பெனியிலிருந்து தெருவுக்கு ஒயர் இழுக்கும் கேபிள்காரர் வரை எண் வாங்கியவர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்துகிறார்கள் என்று நீ சொன்னபோது, “அதாவது பரீட்சை எழுதுற பிள்ளைகளே சேர்ந்து தேர்வுத் துறைய நடத்துற மாதிரி” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாய். “சரியாத்தாம்மா சொல்றீங்க. ஆனா எங்க மேனேஜர்கிட்ட இதச் சொல்ல மாட்டேன்” என்றாய்.

அந்தப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அடுத்த ஆண்டு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் வேலை இந்த முறை உன் கைக்கு வந்தது. உறுப்பினர்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதில்களைத் தொகுத்து, எது முக்கியம் எது இரண்டாம்பட்சம் என்று வரிசைப்படுத்தி, வரைவு எழுதி, அதை எல்லோரும் பார்க்கும்படி வைத்து, கருத்து கேட்டு, கடைசியில் நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டும். ஆறு மாதமாக நீ அதிலேயே கிடந்தாய் என்று எனக்குத் தெரியும். வரைவு வெளியான அன்று அதன் சுட்டியை எனக்கு அனுப்பி, “முடிஞ்சா பாருங்கம்மா” என்று எழுதியிருந்தாய். முடிந்தால் என்ன, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் முழுவதையும் அச்செடுத்து, அகராதியும் சிவப்புப் பேனாவுமாக மூன்று நாள் உட்கார்ந்தேன். நல்ல திட்டம், கதிர். பெற்றவள் என்பதால் சொல்லவில்லை. ஒருவருடைய எண்ணை இன்னொருவர் தன்னுடையது என்று சொல்லித் திருடாமல் இருக்க நீங்கள் கொண்டுவரப்போகும் பாதுகாப்பைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ‘மிக நன்று’ என்று போட்டிருக்கிறேன். அதற்கு ஆள் வேண்டும், இருக்கும் ஆட்களில்தான் எடுக்க வேண்டும், ஆகவே எதையாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதும் எனக்குப் புரிந்தது. இருபத்தேழாம் பக்கத்தில் எதை நிறுத்துகிறாய் என்று எழுதியிருந்தாய். தொலைபேசி உதவியை. ‘உறுப்பினர்கள் இதைக் கடைசி இடத்தில் வைத்திருக்கிறார்கள், எனவே அடுத்த ஆண்டு முதல் உதவி முழுவதும் இணையதளம் வழியே வழங்கப்படும்.’ என் கையிலிருந்த பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஏனென்றால் அதற்கு ஒரு வாரம் முன்புதான் நான் பாக்கியலட்சுமியைப் பார்த்திருந்தேன்.

ராஜபாளையத்தில் என்னோடு வேலை பார்த்த சரோஜா டீச்சரின் மகள் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா உன்னைப் பற்றி விசாரித்தாள். “இன்டர்நெட்டுக்கே நம்பர் குடுக்குற ஆபீசுல இருக்கான்” என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். “அப்படியா? எங்க வீட்டுல நெட்டு நத்தை மாதிரி போகுது. செத்த அவங்கிட்டச் சொல்லுங்க” என்றாள் அந்த அம்மா. அதற்கு என்ன சொல்வது என்று நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நம்பர் குடுக்குற ஆபீசா? நெசமாவா டீச்சர்?”

திரும்பிப் பார்த்தேன். தோளில் ஒயர்ச் சுருள், கையில் இடுக்கி, நாற்பது வயது இருக்கும். கல்யாணத்தை வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் நேரலையில் பார்ப்பதற்காக மேடைக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவள்.

“என்னத் தெரியுதா?” என்றாள்.

“தெரியாமலா?” என்றேன். எல்லா டீச்சர்களும் சொல்லும் பொய்.

“தெரியாதுன்னு உங்க கண்ணே சொல்லுது. பாக்கியலட்சுமி. டென்த் பி. கடைசிக்கு முந்தின பெஞ்சு. தளவாய்புரம் பஸ்சு.”

கடைசிச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முகம் தெரிந்தது. பாதி இலையில் எழுந்து கைகழுவிய என் பின்னாலேயே வந்து சொல்ல ஆரம்பித்தாள்.

“வீட்டுக்காரவுக போயி ரெண்டு வருசம் ஆச்சு டீச்சர். கேபிள் டிவியா இருந்தத அவியதான் நெட்டாக்குனாக. இப்பம் தளவாய்புரம், தேவதானம் ரெண்டுலயும் எங்க ஒயருதான். நைட்டி தைக்கிற பட்டறைக்காரவுக எம்புட்டு பேரு எங்க நெட்டுலதான் ஆர்டர் எடுக்காக. நம்பரு மட்டும் இன்னும் அவிய பேருலயே இருக்கு. வருசத்துக்கு ஒருக்கா ‘ஆள் இருக்கீகளா’ன்னு கேட்டு மெயில் வருமாம். அது அவிய மெயிலுக்குப் போகுது. பாஸ்வேர்ட யாருக்குத் தெரியும்? அவியகூடவே போயிருச்சு. இல்லன்னா போனுக்கு ஓடிபி கோடு வருமாம். அந்த போன் நம்பரத்தான் கம்பெனிக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துட்டானே! திருத்தங்கல்ல ஒரு அண்ணாச்சி எடுக்காரு. ‘கோடு வந்திருக்கா அண்ணாச்சி’ன்னு நாலு தடவ கேட்டுட்டேன். ‘வந்திருக்கு தாயி, ஆனா நான் உன் வீட்டுக்காரன் இல்லயே, எப்படிச் சொல்ல?’ங்காரு.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “வர்ற தை முடியுறதுக்குள்ள சரிபண்ணலன்னா நம்பர முடக்கிருவாகளாம் டீச்சர். நம்பர் நின்னா ரெண்டு ஊரும் நின்ன மாதிரி. அந்த இணையதளத்துல எங்க தட்டுனாலும் கோடக் கேக்கு. பொறவு ஒரு நாள் கீழ ஒரு மூலையில போன் நம்பரப் பாத்து அடிச்சேன். ஒரு பொண்ணு தமிழ்ல பேசுச்சு. முக்கா மணி நேரம். ‘பதறாதீங்கக்கா, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் அனுப்புங்க, நான் பாத்துக்கிறேன்’னுச்சு. வாரிசுச் சான்று தாலுகா ஆபீசுல கெடக்கு. வந்ததும் அந்தப் புள்ளைக்கு அடிக்கணும்.”

அன்றைக்கு நான் பெருமையோடு வீடு திரும்பினேன். என் மகன் இருக்கும் இடத்தில் ஒரு பெண் முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டாள் என்று. ஒரு வாரம் கழித்து இருபத்தேழாம் பக்கத்தில், அந்தப் பெண்ணின் நாற்காலியைத்தான் நீ எடுத்திருந்தாய்.

அதனால் உனக்குப் போன் செய்தேன். நாம் பேசியதை இங்கே எழுதிவைக்கிறேன், உனக்காக இல்லாவிட்டாலும் எனக்காக. பாக்கியத்தின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லி, “பாக்கியத்துக்குக் கேள்வித்தாள் வந்துச்சாய்யா?” என்றேன். “எல்லா உறுப்பினருக்கும் அனுப்பினோம்மா” என்றாய். “அவ வீட்டுக்காரர் மெயிலுக்கு.” “ரெண்டு தடவ நினைவூட்டலும் அனுப்பினோம்.” “அதுவும் அவ வீட்டுக்காரர் மெயிலுக்கு.” நீ பெருமூச்சு விட்டது கேட்டது. பதில் சொன்னவர்களைவிடச் சொல்லாதவர்கள்தான் அதிகம், ஒவ்வொரு வருடமும் இப்படித்தான், அவர்களுக்காகத் திட்டம் எழுதாமல் இருக்க முடியுமா என்றாய். பிறகு கேட்டாய்: “உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தங்களுக்காக நான் திட்டத்தை மாத்தினா, அதுக்குப் பேர் என்னம்மா?” அது நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. அதற்கு மேல்தான் நீ, எத்தனை நாள் காத்திருப்பது என்று கேட்டதும், நான் கத்தியதும்.

ஆனால் கதிர், நான் கத்தியது பாக்கியத்துக்காக மட்டும் இல்லை. இருபத்தேழாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. ‘குறித்த நாளுக்குள் கருத்துத் தெரிவிக்காத உறுப்பினர்கள் இத்திட்டத்தை ஏற்பதாகக் கொள்ளப்படும்.’ ஆங்கிலத்தில் நீ எழுதியிருந்தாய். தமிழில் அதை நான் முன்பே எழுதியிருக்கிறேன். ஏறக்குறைய அதே சொற்கள்.

நீ அப்போது மூன்றாம் வகுப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை உயர்த்த ஆண்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியை என்னிடம் கொடுத்தார். பள்ளி முடிந்ததும் ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு என்று முடிவெடுத்தேன். பெற்றோர் சம்மதம் வேண்டுமே, அதற்கு ஒரு சீட்டு எழுதி அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிடில் சம்மதமாகக் கொள்ளப்படும்.’ எழுதியதும் எனக்கே பிடித்திருந்தது. அரசாங்கக் கடிதம் மாதிரி ஒரு கம்பீரம். முக்கால்வாசிச் சீட்டுகள் கையெழுத்தோடு திரும்பின. மீதியை நான் தேடவில்லை. அந்த வரிதான் எனக்காகப் பதில் சொல்லிவிட்டதே.

என் பேருந்து வடக்கே போவது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனை மணிக்குப் போய் நின்றாலும் வண்டி உண்டு. மதுரை வண்டி, சிவகாசி வண்டி என்று ஒன்று விட்டால் இன்னொன்று. தளவாய்புரத்தைத் தாண்டி உள்ளே போகும் டவுன் பஸ் ஐந்தேகாலுக்கு, அதை விட்டால் ஏழே முக்காலுக்கு என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் வகுப்புக்கு ஆறு பிள்ளைகள் வந்தார்கள். சிறப்பு வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே ஐந்தேகால் பேருந்தைப் பிடிக்க அவர்கள் பாதியில் எழுந்து ஓட ஆரம்பித்தார்கள். நான் அதை அடங்காமை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் பாக்கியத்தை வாசலில் மறித்து நிறுத்தி, எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “உங்க வீட்டுல சம்மதம்தானே சொல்லியிருக்காங்க? படிக்க இஷ்டம் இல்லன்னா வீட்டுலயே இருந்துக்கோ.” அவள் என்னையும் பார்க்கவில்லை, தன் காலையும் பார்க்கவில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அந்த ஆறு பேரில் மூன்று பேர் அரைப் பரீட்சைக்குள் நின்றுவிட்டார்கள்.

அந்த வருடம் எங்கள் பள்ளி முழுத் தேர்ச்சி. எப்படி இல்லாமல் போகும்? தவறிவிடக் கூடியவர்கள் பட்டியலிலேயே இல்லை. எனக்கு மேடையில் சால்வை போட்டார்கள். பச்சை நிறம், சரிகைக் கரை. உனக்கு அது நன்றாகத் தெரியும். நீ ஒன்பதாவது படிக்கும்போது வாங்கிய பழைய கம்ப்யூட்டர்மேல் தூசு படாமல் இருக்க நான் போர்த்திவைத்தது அதுதான். “டீச்சரம்மாவோட வெற்றிக் கொடி” என்று நீ கேலி செய்வாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரிப்பேன். அந்தக் கதையின் மற்ற பாதியை உன்னிடம் சொன்னதில்லை. உன்னிடம் மட்டும் என்ன, யாரிடமும் சொன்னதில்லை. “எங்கம்மா திட்டம் போட்டா தப்பாது” என்று நீ உன் நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

சண்டை போட்ட மூன்றாம் நாள் தளவாய்புரத்துக்குப் போனேன். அதே வழியில் ஓடும் டவுன் பஸ்ஸில்தான். பாக்கியத்தின் அலுவலகம் ஒரு பத்துக்குப் பத்து அறை. வெளியே தெரு முழுவதும் தையல் மெஷின் சத்தம். உள்ளே ஏசியின் குளிரில் ஒரு இரும்பு அலமாரி நிறையப் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அதன் மேல் மாலை போட்ட கணவர் படம். எனக்கு ஒரு காப்பி வாங்கி வரச் சொல்லி ஆளை அனுப்பிவிட்டு, “என்ன டீச்சர், இம்புட்டு தூரம்?” என்றாள். நான் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அந்தச் சீட்டைப் பற்றி. வாசலில் மறித்ததைப் பற்றி.

“அந்தச் சீட்ட எங்கப்பாகிட்டக் காட்டவே இல்ல டீச்சர். அவுகளுக்கு வாசிக்கத் தெரியாது. கைநாட்டு வச்சத எப்படி வகுப்புல குடுக்கன்னு வெக்கம். பைக்குள்ளேயே வச்சிருந்தேன். பொறவு அது மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சே போச்சு.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லடி?”

“நீங்க கேக்கலயே டீச்சர்.”

கோபமாகச் சொல்லவில்லை. ‘இந்த ஒயர் இங்கே சேரவில்லை’ என்று சொல்வதைப் போலச் சொன்னாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அதைப் பார்த்து அவளே என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. “விடுங்க. இருந்திருந்தாலும் கணக்குல ஃபெயில்தான் ஆகிருப்பேன். அல்ஜிப்ரா எனக்கு வரவே வராது. ரவுட்டர் வருது, அது போதும்.” பிறகுதான், தொலைபேசி உதவியை நிறுத்தப்போகிறார்கள் என்பதைச் சொன்னேன்.

“அப்பம் அந்தப் புள்ள இனிமே எடுக்காதா?”

“வர்ற வாரம் வியாழக்கிழமை முடிவாகும்.”

“எப்பம் நிப்பாட்டுதாக?”

“ஜனவரியில.”

தை முடிய இன்னும் எத்தனை நாள், தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ் எத்தனை நாள் என்று அவள் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அவளுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது? அந்த அறையில் அந்த நிமிடம் என்னைவிட வேகமாக அவள்தான் கணக்குப் போட்டாள். அவள் கதையை உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன், கதிர். பதில் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். “எழுதுங்க, யாரு படிச்சா எனக்கென்ன” என்றவள், வாசல் வரை வந்து வழியனுப்பும்போது சொன்னாள்: “ஆனா எனக்காக எதுவும் செய்யச் சொல்லாதீக டீச்சர். நாளைக்கு ஒரு பேச்சு வந்தா உங்க மகனுக்குத்தான் கஷ்டம். எங்கள மாதிரி எத்தனை பேரு இருக்கோம்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க.” அன்று ஐந்தேகால் பேருந்தில் எதிர்ப்பக்கமாக வரும் பிள்ளைகளைப் பார்த்தேன். இப்போது மினி பஸ்ஸும் இருக்கிறதாம். என்னால் வந்தது இல்லை அது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். முப்பத்தோரு வருடம் தினமும் காலையில் வருகைப்பதிவு எடுத்தேன். பெயரைக் கூப்பிடுவேன். பதில் வராவிட்டால் தலையை நிமிர்த்திப் பார்த்து, இன்னொரு தடவை கூப்பிடுவேன். அப்போதும் வராவிட்டால் ‘வரவில்லை’ என்று குறிப்பேன். பதில் வராத பிள்ளையை ‘வந்திருக்கிறாள்’ என்று எந்த டீச்சரும் எழுத மாட்டாள். எழுதினால் வேலை போய்விடும். அதே கைதான் மத்தியானம் திட்டம் எழுத உட்கார்ந்தபோது பதில் வராத பிள்ளைகளை ‘சம்மதம்’ என்று எழுதியது. காலையில் தெரிந்த ஒன்று மத்தியானம் எப்படி மறந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். காலையில் நான் பெயரைக் கூப்பிட்டேன். மத்தியானம் சீட்டை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். பதில் சொல்லாதவர்களுக்காக எத்தனை நாள் காத்திருப்பது என்று கேட்டாய். ஒரு நாள்கூட வேண்டாம் ஐயா. காத்திருந்தால் ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்கள்தான் இன்னொரு முறை பேசுவார்கள். மற்றவர்களைப் போய்க் கூப்பிட வேண்டும்.

தொலைபேசி உதவியை நிறுத்தாதே என்று நான் சொல்லவில்லை. அது தேவையில்லை என்று அவர்கள் உண்மையாகவே நினைத்தால் நிறுத்து. அந்தப் பெண்ணை எண் திருட்டைத் தடுக்கும் வேலைக்குப் போடு. அந்த வேலையும் பாக்கியத்தைப் போன்றவர்களின் எண்ணைக் காப்பதற்குத்தான். எனக்குத் தாங்காதது அந்தக் கடைசி வரி மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு நீ வியாழக்கிழமை உள்ளே போனால், திட்டம் ஏற்கப்படும், பாராட்டுவார்கள், உனக்கும் ஒரு சால்வை கிடைக்கும். இருபத்தைந்து வருடம் கழித்து ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவர் வந்து தன் பெயரைச் சொல்வார். அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். நீ நிற்க வேண்டாம். நேற்று நீ கூப்பிடாததைக்கூட நான் கோபம் என்று எழுதிக்கொள்ளவில்லை. காலண்டரில் நேற்றைய கட்டத்தில் ‘வரவில்லை’ என்று மட்டும் குறித்திருக்கிறேன்.

நாளைக் காலை ஒன்று செய்துபார். உறுப்பினர் பட்டியலை எடுத்து, பதில் வராதவர்களில் பத்துப் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு எடு. பாக்கியம் வந்தால் அந்தப் பெயரைத் தள்ளிவிடு. அவளை எனக்குத் தெரியும். எனக்கும் உனக்கும் தெரியாத பத்துப் பேராக இருக்கட்டும். மின்னஞ்சல் வேண்டாம், போனை எடு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “வர்ற வருசம் எங்களால உங்களுக்கு என்ன ஆகணும்?” என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள். எடுக்காதவர் பெயருக்கு நேரே ‘பதில் இல்லை’ என்று எழுது. வேறெதுவும் எழுதாதே.

அம்மா